டிவி கேம் காலம்: இன்னும் மனச விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க (மலேசியா, சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, சுத்துவட்டாரத் தோட்டத்து ஆளுங்க)

வாத்து_சுட்டவன்:

வணக்கம். இப்ப பெஸ்தாரி ஜெயான்னு போர்டு மாத்திட்டாங்க, 2007லயே மாத்தியாச்சு, ஆனா எனக்கு அது இன்னும் பெர்ஜுந்தைதான். நேரா விஷயத்துக்கு வர்றேன், ஒரு மாசமா தூக்கம் சரியில்ல.

1991 தீபாவளி போனஸ்ல அப்பா மைக்ரோ ஜீனியஸ் டிவி கேம் வாங்கிட்டு வந்தாரு, துப்பாக்கி வச்ச செட்டு. எந்தக் கேசட்டுன்னு உங்களுக்கே தெரியும், மொதப் பக்கத்துலயே டக் ஹண்ட்னு வாத்து சுடுற கேம் இருக்கும், புல்லுக்குள்ளேருந்து நாய் எந்திரிச்சு சிரிக்கும். எனக்கு 12 வயசு, தங்கச்சிக்கு 6. லயத்துப் (தோட்டத்து வரிசை வீட்டுப்) பையனுங்க ஏழெட்டுப் பேரு திண்ணை வரைக்கும் உக்காந்திருப்பானுங்க. துப்பாக்கிய ரெண்டாவது ஓட்டையில சொருகிடுவோம், மொத ஜாய்ஸ்டிக்கு ஸ்டார்ட் அமுக்குறதோட சரி, அப்புறம் சும்மாதான் கெடக்கும். தங்கச்சி அத எடுத்து மடியில வச்சுக்கிட்டு அமுக்கிக்கிட்டே இருப்பா.

அன்னைக்கு என்னால ஒரு வாத்தக்கூட சுட முடியல. நான் குறி வச்சு விசைய இழுக்கப் போற நேரம் பாத்து அது அப்படியே திரும்பி கீழ எறங்கிடும். ஒரு வாத்துக்கு மூணு தோட்டா, மூணும் போயிடும், நாய் சிரிக்கும். பையனுங்களும் சிரிச்சானுங்க. அப்பத்தான் அவ சொன்னா, "அண்ணே, நான்தான் வாத்த ஓட்டுறேன்." அதக் கேட்டு எல்லாரும் இன்னும் சிரிச்சானுங்க. எனக்கு அவமானமாப் போச்சு, பொய் சொல்றியான்னு கையில இருந்த துப்பாக்கியாலயே முட்டியில ஒரு போடு போட்டேன். அவ அழல. ஜாய்ஸ்டிக்க கீழ வச்சுட்டு எந்திரிச்சுப் போயி ஆயாக்கொட்டகை (தோட்டத்துல புள்ளைங்களப் பாத்துக்கிற எடம்) படியில உக்காந்துக்கிட்டா. அவ போனதும் அடுத்த ரவுண்டுல பத்துக்குப் பத்து வாத்தும் விழுந்துச்சு. பாத்தியா, இவ பக்கத்துல இருந்தாலே எனக்கு ஆகாதுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன்.

போன மாசம் ஒருத்தர் எழுதியிருந்ததப் படிச்சேன். அந்தக் கேம்ல ஒத்த வாத்து ஆட்டத்துல, மொத ஜாய்ஸ்டிக்க அமுக்குனா வாத்து அது சொன்ன பக்கம் போகுமாம். கேம் செஞ்சவங்களே அப்படித்தான் வச்சிருக்காங்க. அவ சொன்னது நெசம். ஆறு வயசுப் புள்ள யாரும் சொல்லிக் குடுக்காம தானே கண்டுபிடிச்சிருக்கு, நான் அடிச்சுத் தொரத்தியிருக்கேன். அவ இப்ப ஜொகூர்ல நர்ஸா இருக்கா. இன்னும் சொல்லல. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தா எழுதுங்க.


ஸ்டோர்_ரோட்டுப்_பையன்:

அண்ணே தப்பா நெனைக்காதீங்க, இது நெசமான்னு எனக்கு சந்தேகம். நாங்க மூணு பேரு ஒரு ஸ்கூல் லீவு முழுக்க அந்தக் கேம்தான் வெளையாண்டோம், ரெண்டாவது ஜாய்ஸ்டிக்க எவ்வளவோ அமுக்கிப் பாத்திருக்கோம், வாத்து அதுபாட்டுக்குத்தான் பறந்துச்சு. யாரோ கெளப்பிவிட்ட கதையா இருக்கும், அதுக்காக மனச வருத்திக்காதீங்க.


எஞ்சின்_வீட்டு_மூத்தவன்:

படிச்சுட்டு சும்மா போக முடியல.

எங்க தோட்டத்துல அப்ப கவர்மெண்டு லைட்டு கெடையாது. எஞ்சின் லைட்டுதான். விடியக்காலம் பெரட்டுக்கு (வேலைக்குப் பேரு கூப்பிடுறதுக்கு) முன்னாடி கொஞ்ச நேரம், அப்புறம் சாயங்காலம் ஆறரைலேருந்து ராத்திரி 10 வரைக்கும். அந்த எஞ்சின ஓட்டுனது எங்க அப்பா. அதனால லயம் மொத்தமும் என்னையத்தான் கேக்கும், "டேய், ஒங்கப்பாகிட்ட சொல்லி இன்னும் அஞ்சு நிமிசம் விடச் சொல்லுடா"ன்னு. நான் கேட்டதே இல்ல, அப்பா அப்படி.

ஒரு தடவ கேட்டேன். காண்ட்ரா. 30 உசிரு வர்ற அந்த அமுக்கல் எல்லாருக்கும் மனப்பாடம், மேல மேல கீழ கீழ இடது வலது இடது வலது பி ஏ. ஆனாலும் நாங்க எட்டாவது ஸ்டேஜத் தாண்டுனதே இல்ல, பத்து மணிக்குள்ள முடியாது, நடுவுல நிறுத்தி வச்சு மறுநாள் தொடர்ற வசதியும் அந்தக் கேம்ல கெடையாது. அன்னைக்குத்தான் மொத தடவையா கடைசிக்குப் போனோம், அந்த இதயம் மாதிரி ஒன்னு துடிச்சுக்கிட்டு இருக்குமே, அது. மணி 9:55. ஜாய்ஸ்டிக்க கூட்டாளி கையில குடுத்துட்டு செருப்பு கூடப் போடாம இருட்டுல எஞ்சின் வீட்டுக்கு ஓடுனேன்.

அப்பா செவத்துக் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. சத்தத்துல ஒன்னும் கேக்காது, காதுக்கிட்ட போயிக் கத்துனேன், "பா, அஞ்சு நிமிசம் பா." அவரு என்னையப் பாக்கவே இல்ல. சொன்னாரு, "ஏழாம் நம்பர் வீட்டுல பச்சப்புள்ள இருக்கு. காத்தாடி இல்லாம புழுங்குது, அர மணி நேரம் விடுங்கன்னு அந்தப் பொண்ணு சாயங்காலம் வந்து கேட்டுச்சு. அதுக்கே இல்லன்னு சொல்லிட்டேன். ஒனக்கு எப்படிடா விடுவேன்?" டீசலு அளந்து குடுப்பாங்க, ஒரு போத்தல் கூடக் கொறஞ்சாலும் இவருதான் பதில் சொல்லணும்.

அப்படியே நிறுத்துனாரு. எஞ்சின் மூச்சு எறங்குற மாதிரி மெதுவா எறங்கும், லயத்துல பல்பு எல்லாம் மஞ்சளாகி அவியும். திரும்பி வீட்டுக்குப் போறப்ப டிவி அணைஞ்சு போயி பையனுங்க இருட்டுல அப்படியே உக்காந்திருந்தானுங்க. படம் நாலு பக்கமும் சுருங்கி நடுவுல ஒரு வெள்ளப் புள்ளியா நின்னு அணைஞ்சிச்சுன்னு கூட்டாளி சொன்னான். ஒருத்தனும் என்னையத் திட்டல.

அப்பா தவறி நாலு வருசம் ஆச்சு. காண்ட்ராவ இப்ப ஃபோன்லயே வெளையாடலாம், முடிக்கவும் முடிச்சுட்டேன். ஆனா அந்த ஏழாம் நம்பர் வீட்டப் பத்தி அவரு சொன்ன குரலு இருக்கே, அதுதான் அடிக்கடி வருது.


அசல்_சிவப்பு_வெள்ளை:

எல்லாரும் மைக்ரோ ஜீனியஸ் மைக்ரோ ஜீனியஸ்னு சொல்றீங்க, அது தைவான்ல செஞ்ச நகல், அத ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறீங்க. அசலு நிண்டெண்டோவோட ஃபேமிகாம். ஜப்பான்ல 1983 ஜூலை 15 வெளிவந்தது, செவப்பும் வெள்ளையும், ரெண்டு ஜாய்ஸ்டிக்கும் பெட்டியோடயே சேந்து வரும், ரெண்டாவதுல ஒரு குட்டி மைக்கே இருக்கும். இன்னொன்னு, அப்ப நம்ம ஊரு டிவி பால் (PAL) சிஸ்டம், நொடிக்கு 50 படம். ஜப்பான்ல 60. இங்க வித்த நகல் செட்டெல்லாம் 50க்கு செஞ்சது, அதனால நம்ம எல்லாரும் சின்ன வயசுல கேட்ட மேரியோ பாட்டு அசல விட மெதுவானது, ஆறுல அஞ்சு பங்கு வேகம்தான். நாம பாத்தது அசல் இல்ல.

என் கதை சின்னது. எங்க மாமா கப்பல்ல வேல பாத்தாரு, 1986ல ஜப்பான்லேருந்து அசல் ஃபேமிகாம் கொண்டாந்தாரு. நம்ம தோட்டத்துலயே மொதோ டிவி கேம் எங்க வீட்டுலதான் வந்துச்சு. ஜப்பான் கரண்டு 100 வோல்ட்டு, நம்மது அப்ப 240. யாருக்கும் தெரியாது. சொருகுனோம், ஒரு வாடை வந்துச்சு, அவ்ளோதான். மாமா மூஞ்சியப் பாக்க முடியல. அவரு அந்தப் பெட்டிய துணியில சுத்தி மறுபடியும் அட்டப்பெட்டிக்குள்ள வச்சாரு.

அதனால சொல்றேன், இப்ப பழைய செட்டு தேடி வாங்குறவங்க தயவுசெஞ்சு கேளுங்க. ஜப்பான் அடாப்டர நம்ம பிளக்குல நேரா சொருகாதீங்க. ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்ப், நடு முனை நெகட்டிவ். இங்க கடையில கெடைக்கிற அடாப்டர்ல நெறைய நடு முனை பாசிட்டிவ், உருவம் ஒன்னா இருக்கும், பொருந்தும், ஆனா உள்ள எரிஞ்சிடும், அடாப்டர் மேல இருக்கிற வட்டப் படத்தப் பாத்துட்டு சொருகுங்க. அமெரிக்கா நிண்டெண்டோ அடாப்டர் இன்னும் மோசம், அது குடுக்கிறது 9 வோல்ட் ஏசி, அத ஃபேமிகாம்ல சொருகவே கூடாது. அப்புறம் கேசட்டுல ஊதாதீங்க. ஊதுனா வேல செய்யுதுன்னு நெனைக்கிறோம், எடுத்து மறுபடி சொருகுறதுலதான் வேல செய்யுது, எச்சி ஈரம் பட்டு அந்த செப்புக் கம்பியெல்லாம் கறுத்துப் போகும். பஞ்சுல ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தொடைங்க, காய விடுங்க, அப்புறம் சொருகுங்க. வெயில்ல வைக்காதீங்க, பழைய பிளாஸ்டிக்கு மஞ்சளாப் போகும். கேசட்டுல சேமிக்கிற வசதி இருந்தா உள்ள வட்டமா ஒரு பேட்டரி இருக்கும், அதுக்கும் ஆயுசு உண்டு, மாத்தத் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. அப்புறம் அசல் ஃபேமிகாம் நம்ம டிவியில ஆன்டெனா வழியா சரியா வராது, சேனலு வேற, கலரு சிஸ்டமும் வேற, ஏவி வர்ற மாதிரி மாத்தணும். யாருக்காவது உதவும்னுதான் இவ்வளவும் எழுதுறேன்.


ஒட்டுப்பால்_வாசம்:

அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நகலோ அசலோ, எங்கம்மா விரல் பட்டது அந்த நகல்லதான். நீங்க 50, 60ன்னு கணக்கு சொல்றீங்க, மெதுவா ஓடுனதாலதான் எங்கம்மாவால வெளையாட முடிஞ்சுச்சோ என்னமோ.

எங்கம்மா பால்மரம் (ரப்பர்) வெட்டுனவங்க. கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்) விழுந்தப்ப எல்லா வீட்டுலயும் நகை, சட்டி பானைன்னு வாங்குவாங்க, எங்கம்மா எனக்கும் தம்பிக்கும் டிவி கேம் வாங்குனாங்க. அந்த ஒரு காரியத்துக்காக பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு வருசம் பேசிக் காட்டுனாங்க, பொட்டப்புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குன்னு.

தம்பிக்கு டாங்கி கேம்ல பொறுமை கெடையாது. பேட்டில் சிட்டி சொல்றேன், நடுவுல கீழ ஒரு கழுகு இருக்கும், சுத்தி செங்கல் செவரு, அதச் சுட்டுட்டா நம்ம உசிரு எத்தன மிச்சம் இருந்தாலும் ஆட்டம் முடிஞ்சிடும். ஒரு நாள் தம்பி ஓடிட்டான், எனக்குக் கூட ஆடறதுக்கு ஆளில்ல. அம்மா ரெண்டு மணிக்குக் காட்டுலேருந்து வந்து, குளிக்கக்கூட இல்ல, அப்படியே வாசப்படியில உக்காந்தவங்க, "எந்தப் பொத்தான் சுடும்?"னு கேட்டாங்க.

கையில பால் காஞ்சு கருப்பா ஒட்டியிருந்துச்சு. அது அப்படியே ஜாய்ஸ்டிக்குல ஒட்டி, பி பொத்தான் ஒரு வாரத்துக்குப் பிசுபிசுன்னு இருந்துச்சு. நான் மேல ஓடிப் போயி சண்ட போடுவேன், அம்மா கழுகு பக்கத்துலயே டாங்கிய நிறுத்தி வச்சுக்கிட்டு நகரவே மாட்டாங்க. "நீ போ, நான் வீட்டப் பாத்துக்கிறேன்." அதுக்கு அவங்க வீடுன்னுதான் பேரு வச்சிருந்தாங்க. ஒரு ஸ்டேஜுக்கு 20 டாங்கி வரும், அதுல எத்தனையோ என் கண்ணத் தப்பி கீழ எறங்கும், அம்மாகிட்ட தப்பாது. அந்த மம்பட்டி மாதிரி ஒன்னு கெடைச்சா செங்கல் செவரு கொஞ்ச நேரம் இரும்பா மாறும் இல்ல, அப்ப மட்டும் ஒரு பெருமூச்சு விட்டு ஜாய்ஸ்டிக்க மடியில வைப்பாங்க, கைய ஒதறுவாங்க.

அம்மாவுக்கு இப்ப 71. கை நடுங்குது. போன வருசம் பழைய சாமான் கொட்டாயிலேருந்து அந்த ஜாய்ஸ்டிக்கு கெடைச்சுச்சு, வயரு அறுந்து போச்சு, ஆனா பி பொத்தான் ஓரத்துல அந்தக் கருப்பு இன்னும் இருக்கு. ஆல்கஹால் போட்டுத் தொடைங்கன்னு நீங்க எழுதியிருக்கீங்க, நான் தொடைக்க மாட்டேன்.


அசல்_சிவப்பு_வெள்ளை:

தங்கச்சி, அதத் தொடைக்காதீங்க. நான் கேசட்டு முனைக்குச் சொன்னேன். அந்த ஜாய்ஸ்டிக்க ஈரம் படாத டப்பாவுல போட்டு, அந்த வெள்ள உருண்ட வருமே ஈரம் இழுக்கிறதுக்கு, அதுல ஒரு பொட்டலம் போட்டு வைங்க. அப்படியே இருக்கும்.


168ல்_ஒன்னு:

எங்க கேசட்டுல 168 கேம்னு போட்டிருக்கும், எண்ணிப் பாத்தா உண்மையில இருவதுகூடத் தேறாது. அதே காண்ட்ராவ ஸ்டேஜு மாத்தி மாத்தி வேற பேர்ல வச்சிருப்பான். பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) 35 வெள்ளி (ரிங்கிட்) குடுத்து வாங்குனேன், ரெண்டு மாசம் பசியாறக் குடுத்த காசச் சேத்து. வீட்டுக்கு வந்து 40க்கு மேல எல்லாம் மொத போட்ட கேமே திரும்ப வருதுன்னு பாத்தப்ப வந்த அழுக இன்னும் ஞாபகம் இருக்கு. ஆனா ஒன்னு சொல்றேன், அதுல ஒரு நல்லதும் இருந்துச்சு, எஞ்சின் வீட்டு அண்ணன் சொன்ன மாதிரி பத்து மணிக்குள்ள முடிக்க முடியாதவங்க அந்தப் பட்டியல்லயே கடைசி ஸ்டேஜு எதுன்னு தேடிப் போட்டிருந்தா நேரா அந்த இதயத்துக்கே போயிருக்கலாம். எங்க கேசட்டுல அது 31ஆம் நம்பர்.


எஞ்சின்_வீட்டு_மூத்தவன்:

தம்பி, எங்க கேசட்டுல காண்ட்ரா ஒன்னே ஒன்னுதான் இருந்துச்சு.


மெமரி_கார்டு_15:

நான் உங்களுக்கெல்லாம் அடுத்த செட்டு, பிளேஸ்டேஷன் காலம். 1999, டவுன்ல பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி மேல் மாடியில ஒரு கடை, மணிக்கு 2 வெள்ளி. ஆறு செட்டு, அதுல ஒன்னு பழசு, கடைக்காரரு அதக் கவுத்துப் போட்டுத்தான் ஓட்டுவாரு, உள்ள லென்ஸ் நகர்ற பிளாஸ்டிக்கு தேஞ்சு போனா நேரா வச்சாப் படிக்காது, தலகீழா வச்சாப் படிக்கும். அதுல வெளையாண்டா 1 வெள்ளி அம்பது. நானும் என் கூட்டாளியும் அதத்தான் எடுப்போம்.

ஃபைனல் ஃபேண்டசி 7. மூணு டிஸ்க்கு. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே மெமரி கார்டு, நான் வாங்குனது, 15 கட்டம். எனக்கு ஒரு கட்டம், அவனுக்கு ஒரு கட்டம், மத்ததுல ஃபுட்பால். ஆரம்பத்துல ஹீரோவுக்கு நாமளே பேரு வைக்கலாம் இல்லையா, அவன் அவங்க வீட்டு நாய் பேர வச்சான், மணின்னு. சண்டையில அடி வாங்குறப்பெல்லாம் "மணி மணி"ன்னு கத்துவான், பக்கத்து செட்டுக்காரனுங்க எல்லாம் திரும்பிப் பாப்பானுங்க.

அந்த வருசக் கடைசியில அவங்க தோட்டம் கைமாறிடுச்சு, செம்பனைய வெட்டிட்டு வீடு கட்டப் போறாங்கன்னு லயத்தக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அவங்க குடும்பம் வேற ஊருல பிளாட்டுக்குப் போயிடுச்சு. நாயக் கொண்டு போக முடியாது, பிளாட்டுல விடமாட்டாங்க. கடைசி நாள் கடைக்கு வந்தான், ஒரு மணி நேரம் காசு கட்டுனான், வெளையாடவே இல்ல. அந்த மைதானத்துல ஹீரோவ அங்கயும் இங்கயும் நடக்க மட்டும் வச்சுக்கிட்டு இருந்தான். நேரம் முடிய ரெண்டு நிமிசம் இருக்கிறப்ப சேமிச்சான்.

கார்டு என்கிட்டதான் இருக்கு. தொறந்தா பேரு மணி, நேரம் 41 மணி சொச்சம்னு காட்டும். என் கட்டத்த எத்தனையோ தடவ அழிச்சு எழுதியிருக்கேன். அவன் கட்டத்தத் தொடல. அவன் நம்பர் கெடைக்கல, இத யாராவது படிச்சு அது நான்தான்னு சொல்லுவாங்கன்னு எழுதுறேன்.


அசல்_சிவப்பு_வெள்ளை:

தம்பி, அந்த மெமரி கார்டுல பேட்டரி கெடையாது, ஃப்ளாஷ்தான், அதனால பேட்டரி தீந்து அழியும்னு பயமில்ல. ஆனாலும் 25 வருசம் ஆச்சு, நம்பி ஒக்காராதீங்க. கம்ப்யூட்டருக்கு மாத்துற சாமான் விக்கிறாங்க, இல்ல இன்னொரு கார்டு வாங்கி பிளேஸ்டேஷன்லயே அந்த ஒரு கட்டத்த நகல் எடுத்து வைங்க. இந்த வாரமே எடுங்க.


ஸ்டோர்_ரோட்டுப்_பையன்:

வாத்து அண்ணே, நான் மேல சந்தேகப்பட்டேன் இல்ல, மன்னிச்சுக்குங்க. அண்ணன் பழைய செட்டு ஒன்னு வச்சிருக்காரு, குண்டு டிவியும் இருக்கு, நேத்து போயி ரெண்டு பேரும் போட்டுப் பாத்தோம். ரெண்டாவது ஜாய்ஸ்டிக்கு இல்ல, மொதோதுதான். ஒத்த வாத்து ஆட்டத்துல மட்டும்தான் வேல செய்யுது, ரெண்டு வாத்துல செய்யல, தட்டு சுடுற ஆட்டத்துலயும் செய்யல. நாங்க அந்தக் காலத்துல ரெண்டு வாத்துதான் போடுவோம், அதுவும் தப்பான ஜாய்ஸ்டிக்கு. மொதோது அமுக்குனா அப்படியே திரும்புதுண்ணே. கீழ அமுக்குனா கீழ எறங்குது. ஒங்க தங்கச்சி சொன்னது அட்சர சுத்தம்.


வாத்து_சுட்டவன்:

ரொம்ப நன்றி தம்பி. இந்த லீவுக்கு தங்கச்சி புள்ளைங்களோட வர்றா, அதுக்குள்ள ஒரு செட்டு வாங்கி வீட்டுப் பெரிய டிவியில போடலாம்னு நெனைச்சேன், துப்பாக்கி வேல செய்யுமா?


ஸ்டோர்_ரோட்டுப்_பையன்:

தட்டை டிவியில செய்யாதுண்ணே. விசைய இழுத்ததும் டிவி ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கிற எடத்துல மட்டும் வெள்ளக் கட்டம் வரும். துப்பாக்கிக்குள்ள ஒரு கண்ணு இருக்கு, அது அந்த வெளிச்சத்தப் பாத்துச்சுன்னா பட்டுச்சுன்னு கணக்கு. குண்டு டிவியில அந்த வெளிச்சம் அப்பவே வந்துடும். தட்டை டிவி படத்த வாங்கி உள்ள ஏதோ பண்ணிட்டு லேட்டாக் காட்டுது, அதுக்குள்ள துப்பாக்கி பாத்து முடிச்சிடும், எல்லாத் தோட்டாவும் வீண். அண்ணனோட குண்டு டிவிய எடுத்துட்டுப் போங்க, நான் கேட்டுட்டேன், தர்றேன்னாரு. தூக்க ரெண்டு ஆளு வேணும், நானும் வர்றேன்.


வாத்து_சுட்டவன்:

நேத்து ராத்திரி ஃபோன் பண்ணிட்டேன். லீவு வரைக்கும் தாங்கல.

சொன்னேன் எல்லாம். கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல, டூட்டி முடிச்சு வந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கா. அப்புறம் சொன்னா, "எனக்குத் தெரியும்ணே. நீ அடிச்சது பொய் சொன்னேன்னு இல்ல, வாத்தக் காப்பாத்துனேன்னுதான் அடிச்சன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன்."

சுடாம இருக்கணும்னுதான் அவ கீழ கீழன்னு அமுக்கியிருக்கா. புல்லுக்குள்ள போயிட்டா தப்பிச்சிடும்னு.

தம்பி, வெள்ளிக்கெழம டிவி எடுக்க வர்றேன். துப்பாக்கி வேணாம், ரெண்டு ஜாய்ஸ்டிக்கு மட்டும் போதும்னு சொல்றா, டாங்கி கேம் இருக்கான்னு கேட்டா.